ஹைட்டியிடம் வாங்கிய பணத்தை பிரான்ஸ் திருப்பித் தர வேண்டுமா?

தாமிரபரணி எழுதியது:

நண்பர்களே, காலனி ஆண்ட நாடுகள் இழப்பீடு தர வேண்டுமா என்ற பேச்சு வந்தாலே நாம் நேராகக் கோஹினூர் வைரத்தில் போய் நின்றுவிடுகிறோம். இந்த முறை கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டியிலிருந்து தொடங்குவோம். எவ்வளவு எடுத்தார்கள் என்று யாரும் ஊகிக்க வேண்டாத கதை அது. தொகை, தேதி, கையெழுத்து எல்லாமே பத்திரத்தில் இருக்கின்றன.

பிரான்ஸ் ஆண்ட காலத்தில் ஹைட்டியின் பெயர் சான் டொமாங். பிரான்ஸின் காலனிகளிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுத்த இடம். கரும்பும் காபியும் விளைந்தன. ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே உழைத்தார்கள். ஆலையில் கை மாட்டிக்கொண்டால் வெட்டி எடுப்பதற்குப் பக்கத்திலேயே கத்தி வைத்திருப்பார்களாம். 1791 ஆகஸ்டில் அந்த மக்கள் எழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ஆம் தேதி விடுதலையை அறிவித்தார்கள். அடிமைகள் தாங்களே போராடி அமைத்த நாடு என்று உலக வரலாற்றில் இது ஒன்றுதான்.

21 ஆண்டுகள் கழித்து, 1825 ஜூலையில் 14 போர்க்கப்பல்களும் ஏறத்தாழ 500 பீரங்கிகளும் ஹைட்டிக்கு வந்தன. பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் ஏப்ரல் 17 அன்று கையெழுத்திட்ட ஆணையைத் தூதர் மக்கோ கொண்டுவந்தார். அந்த ஆணையில் ஹைட்டி என்ற பெயர்கூடக் கிடையாது. 'சான் டொமாங்கின் பிரெஞ்சுப் பகுதியில் வசிப்பவர்கள்' என்றுதான் எழுதியிருந்தது. உங்கள் விடுதலையை ஏற்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க் தாருங்கள், ஐந்து தவணையில் கட்டுங்கள், எங்கள் கப்பல்களுக்குச் சுங்கத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்றது. எதற்கு இந்தப் பணம்? தோட்டங்களை இழந்த முதலாளிகளுக்கு நட்டஈடு. அவர்கள் இழந்த 'சொத்து'க் கணக்கில் அந்த மக்களின் உடல்களும் அடக்கம். தன்னைத்தானே மீட்டுக்கொண்டவன், தன் விலையைப் பழைய எஜமானுக்குக் கட்ட வேண்டும்! ஹைட்டி அதிபர் புவாயே ஜூலை 11 அன்று கையெழுத்திட்டார்.

தொகை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஓர் ஒப்பீடு. 1803இல் வட அமெரிக்காவில் தன் வசம் இருந்த லூசியானா முழுவதையும் பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றது 8 கோடி பிராங்குக்கு. ஹைட்டியைப் போலப் பல மடங்கு பெரிய நிலப்பரப்பு அது.

இந்தப் பணத்தை பிரான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நேர்கோடு எழுதியது:

படிக்கவே மனம் கனக்கிறது, தாமிரபரணி சார். அது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 'அநியாயம் நடந்தது' என்பதும் 'இன்று பணம் தர வேண்டும்' என்பதும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன்.

தாத்தா செய்த கொலைக்குப் பேரனைத் தூக்கிலிட மாட்டோம். இன்று பிரான்ஸில் வரி கட்டுகிறவர்களில் அல்ஜீரியாவிலிருந்து வந்தவரும் இருக்கிறார், நம் ஆட்களும் இருக்கிறார்கள். 1825க்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

அடுத்தது, எங்கே நிறுத்துவீர்கள்? சோழர் படை ஈழத்தில் கொள்ளையடித்ததற்கு யார் யாருக்குக் கொடுப்பது? அப்புறம் தென்கொரியாவைப் பாருங்கள். அதுவும் ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடுதான், இன்று எங்கே நிற்கிறது! ஹைட்டியின் இன்றைய நிலைக்கு 1825 மட்டுமே காரணம் என்றால், அதே தீவின் மறுபாதியான டொமினிக்கன் குடியரசு ஏன் முன்னே போனது? சொந்த ஆட்சியாளர்கள் செய்த கேட்டையும் பேச வேண்டாமா?

பேரேடு எழுதியது:

தம்பி நேர்கோடு நியாயமாகத்தான் கேட்கிறார். நான் 31 வருஷம் கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதியவன். அந்தப் பழக்கத்தில் தாமிரபரணி சொன்ன கதையைப் பற்று வரவாக எழுதிப் பார்த்தேன்.

முதல் தவணை 3 கோடி பிராங்க். அந்த ஆண்டு ஹைட்டி அரசின் வருமானத்தைப் போல அது ஏறத்தாழ ஆறு மடங்கு. கையில் பணமில்லை. எனவே பிரெஞ்சு வங்கியிடமே கடன் வாங்கச் சொன்னார்கள். பாரிஸ் வங்கியாளர்கள் 3 கோடிக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, 60 லட்சத்தைக் கமிஷனாக முன்னாலேயே பிடித்துக்கொண்டு, 2 கோடியே 40 லட்சம்தான் கொடுத்தார்கள். வட்டி மட்டும் 3 கோடிக்கு.

இதை நம் ஊரில் என்னவென்று சொல்வோம்? பத்தாயிரத்துக்கு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு எட்டாயிரம் கொடுப்பவனுக்குக் கந்துவட்டிக்காரன் என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் 2003இல் இதற்கென்றே சட்டம் போட்டோம். கடன்பட்டவன் வீட்டு வாசலில் ஆள் நிறுத்துவதைப் போல, அங்கே துறைமுகத்தில் கப்பலை நிறுத்தினார்கள்.

1838இல் மொத்தத்தை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதையும் கட்ட முடியாமல் கடனை அடைக்கக் கடன், அதை அடைக்க இன்னொரு கடன். பணம் வந்தது காபி விவசாயியின் மடியிலிருந்து. 1911இல் காபி வரியாக வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் இரண்டரை டாலருக்கு மேல் பிரெஞ்சு முதலீட்டாளர்களின் கடனுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் மிஞ்சியது என்ன? 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் வந்து வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை நியூயார்க்குக்கு எடுத்துப் போனார்கள். அடுத்த ஆண்டு நாட்டையே பிடித்துக்கொண்டு 1934 வரை உட்கார்ந்தார்கள். கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947இல்.

தம்பி, தாத்தா பேரன் என்று சொன்னீர்கள். 1825இல் புவாயே போட்ட கையெழுத்துக்கு 1947 வரை கட்டியவர்கள் யார்? அடிமைகளின் பேரன்கள், பேரன்களின் பேரன்கள். அவர்களிடம் வாங்கும்போது 'அது உங்கள் தாத்தா காலத்துக் கடன், உங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று ஒருவரும் சொல்லவில்லையே. வாங்குவதற்குத் தலைமுறைக் கணக்கு தடையில்லை, கொடுப்பதற்கு மட்டும் தடை என்றால் எந்தப் பேரேட்டிலும் அது நேராகாது.

லாச்சப்பல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நேர்கோடு 'நம் ஆட்களும் வரி கட்டுகிறார்கள்' என்று எழுதியதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆட்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பாரிஸில் 22 வருஷம். கோப்பை கழுவித் தொடங்கி இப்போது ஓர் உணவகத்தில் சமையல்காரனாக இருக்கிறேன்.

என்னோடு அடுப்படியில் நிற்கும் அண்ணை ஒருவர் ஹைட்டிக்காரர். ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1ஆம் தேதி வீட்டிலிருந்து பூசணி சூப் காய்ச்சிக் கொண்டுவருவார். கனகாலமாகப் புதுவருஷப் பலகாரம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டபோது சொன்னார்: அடிமைக் காலத்தில் அந்த சூப்பை இவர்கள்தான் காய்ச்சுவார்களாம், ஆனால் குடிக்க விடமாட்டார்களாம், அது எஜமானுக்கு உரியது. விடுதலை கிடைத்த நாளில் எல்லோரும் அதைக் காய்ச்சிக் குடித்தார்களாம். அன்றிலிருந்து அந்த நாளில் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஹைட்டிக்காரர் வீட்டில் அந்த சூப்தான்.

இந்த 15 கோடிக் கதையை நான் முதலில் கேட்டதும் அவரிடம்தான். என் மகளின் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துத் தேடினேன். 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது என்று பெருமையாக இருந்தது. 1825 பற்றி ஒரு வரி இல்லை. மகள் கேட்டாள், "அப்பா, இது உண்மை என்றால் ஏன் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை.

என் வரிக் காசில் இருந்து போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகட்டும் என்பேன். நான் வந்தபோது இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, நிலத்துக்குக் கீழே ரயில் ஓடியது. அதில் ஒன்றையும் நான் கட்டவில்லை, ஆனால் எல்லாவற்றையும் அனுபவிக்கிறேன். முன்னோர் சேர்த்த சொத்தில் பங்கு வேண்டும், அவர்கள் வைத்த கடன் மட்டும் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? தவிர, எங்கட சனத்துக்கு நடந்ததற்கு உலகம் பதில் சொல்ல வேண்டும் என்று இதே தெருக்களில் பதாகை பிடித்து நின்றவன் நான். இன்னொரு சனம் அதையே கேட்கும்போது 'பழைய கதை' என்று சொல்ல என்னால் ஏலாது.

வழக்கேடு எழுதியது:

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் இந்த வழக்கு மிகக் கடினம். 1825இல் பிரெஞ்சுச் சட்டப்படி அடிமை முறை செல்லுபடியானது. 'அன்றைய சட்டத்தை வைத்துத்தான் அன்றைய செயலை எடைபோட வேண்டும்' என்பார்கள். காலவரம்பு கடந்துவிட்டது என்பார்கள்.

ஆனால் இந்தச் சுவர்களில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருக்கிறது. இந்தோனேசியாவின் ராவகெடே கிராமத்தில் 1947 டிசம்பரில் டச்சுப் படையினர் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். 2011இல் நெதர்லாந்தின் ஹேக் நகர நீதிமன்றம், காலவரம்பைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. உயிரோடிருந்த விதவைகளுக்குத் தலைக்கு 20,000 யூரோ கிடைத்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் எழுச்சியில் சித்திரவதைப்பட்டவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். 2013இல் பிரிட்டன் இறங்கி வந்து, 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்ட் தருவதாக ஒப்புக்கொண்டது.

இந்த இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்களோ அவர்களின் விதவைகளோ உயிரோடு இருந்தார்கள். ஹைட்டியில் அப்படியில்லை. எனவே அங்கே வழி அரசியல்தான். அரசியலில் மனம் இருந்தால் எதுவும் முடியும். குவைத்தில் புகுந்ததற்கு ஈராக்கிடம் ஐ.நா. எவ்வளவு வாங்கியது தெரியுமா? 5,240 கோடி டாலர். எண்ணெய் விற்ற பணத்தில் பிடித்துப் பிடித்து, 2022 தொடக்கத்தில் கடைசித் தவணையையும் வாங்கி முடித்தார்கள். கணக்கிட முடியாது, வசூலிக்க முடியாது, மக்கள் ஏழைகள் என்று சொல்லி யாரும் அங்கே வசூலைக் கைவிடவில்லை. தோற்றவனிடம் வாங்குவதற்கு உலகத்துக்கு வழி தெரிந்திருக்கிறது.

நேர்கோடு எழுதியது:

பேரேடு ஐயா சொன்ன 1947 என்னை யோசிக்க வைத்துவிட்டது. தாத்தா பேரன் வாதத்தை இந்த வழக்கில் நான் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் என் உண்மையான கவலை வேறு. கொடுத்தால் யார் கையில் கொடுப்பது? சர்வாதிகாரிகளான துவாலியே குடும்பம் 1957 முதல் 1986 வரை நாட்டைச் சுரண்டிவிட்டு ஓடியது. 2021இல் அதிபர் மொயீஸை வீட்டுக்குள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருக்கிறது. இந்த நிலையில் ஆயிரக்கணக்கான கோடியைக் கொண்டுபோய்க் கொட்டினால் துப்பாக்கிதான் பெருகும். இது ஏழைகள் மேல் அக்கறையில்லாமல் சொல்வதல்ல.

கொழுந்துக்கூடை எழுதியது:

நான் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கொழும்பில் ஆசிரியையாக இருக்கிறேன். தாமிரபரணி எழுதியதில் 'தோட்டங்களை இழந்த முதலாளிகளுக்கு நட்டஈடு' என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது.

இது ஹைட்டியில் மட்டும் நடக்கவில்லை. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது 2 கோடி பவுண்டை ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டன் கட்டி முடித்தது 2015இல்தான். விடுதலையானவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. பிரான்ஸும் 1849இல் தன் மற்றக் காலனிகளின் அடிமை உரிமையாளர்களுக்கு 12 கோடியே 60 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. ஆள் குறைந்த அந்தத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் நம் சனம். கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இன்றும் மாரியம்மன் கோயில் இருப்பது அதனால்தான்.

எங்கள் கதையும் அதே காலத்துக் கதைதான். எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தார்கள். பாதி வழியில் காலராவில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். வந்து சேரும் முன்பே கங்காணியிடம் முன்பணக் கடன். அந்தக் கடன் தீர்ந்ததாகத் துண்டு கிடைக்காமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. என் அம்மாச்சி லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து லயத்திலேயே செத்துப்போனார். பத்தடி அறை ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அவர் கிள்ளிய கொழுந்துக்கு எடை குறைத்து எழுதுவார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1948இல் குடியுரிமையையும் பறித்தார்கள். அதைச் செய்தது சுதந்திர இலங்கை, அதை நான் மறைக்க மாட்டேன்.

நான் சொல்ல வந்தது 1975. அந்த ஆண்டு பிரிட்டிஷ் கம்பெனிகளின் தோட்டங்களை இலங்கை அரசு எடுத்துக்கொண்டது. கம்பெனிகளுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். நாலு தலைமுறையாகக் காட்டை வெட்டித் தோட்டம் ஆக்கியவர்களுக்கு நிலத்தில் ஒரு பேர்ச் கிடைக்கவில்லை. 2023இல் எங்கள் ஆட்கள் அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குத் திரும்ப நடந்தார்கள். 200 ஆண்டுக்குப் பிறகும் கேட்டது வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை.

நட்டஈடு நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது எப்போதும் நடைமுறையில் இருந்தது. முதலாளிக்கு மட்டும் கிடைத்தது.

தாமிரபரணி எழுதியது:

கொழுந்துக்கூடை அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் வேறொன்றும் எழுத முடியவில்லை.

நேர்கோடு கேட்ட 'யார் கையில்' என்ற கேள்விக்கு வருகிறேன். அது உண்மையான கேள்வி. நீங்கள் காட்டிய தென்கொரியாவிலேயே பாதி பதில் இருக்கிறது. 1965இல் ஜப்பான் அந்த நாட்டுக்கு 30 கோடி டாலர் நன்கொடையும் 20 கோடி டாலர் கடனும் கொடுத்தது. இழப்பீடு என்ற சொல்லை ஜப்பான் தவிர்த்தது, ஆனாலும் பணம் வந்தது. போஹாங் இரும்பாலை எழுந்ததில் அந்தப் பணத்துக்குப் பங்குண்டு. அதாவது, பணம் வந்தால் ஒரு நாட்டை நிமிர்த்தும். ஆனால் ஜப்பானியச் சுரங்கத்திலும் ஆலையிலும் கட்டாய வேலை செய்தவர்களுக்கு அதில் கிடைத்தது மிகச் சொற்பம். வயதான பிறகும் அவர்கள் நீதிமன்றப் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மோசமான உதாரணம் லிபியா. 2008இல் இத்தாலி, தன் பழைய காலனியான அந்த நாட்டுக்கு 20 ஆண்டுகளில் 500 கோடி டாலர் தருவதாக கடாஃபியோடு ஒப்பந்தம் போட்டது. சாலை போடும் வேலை இத்தாலிய நிறுவனங்களுக்கே. பதிலுக்குப் படகில் வரும் அகதிகளை லிபியா தடுக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை அதை இழப்பீடு என்று சொல்லவே கூடாது, பேரம் அது. ஜெர்மன் காலனியாக இருந்த நமீபியாவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. 2021இல் ஜெர்மனி 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னபோது, 'எங்களை உட்காரவைத்துப் பேசாமல் எங்கள் பெயரில் ஒப்பந்தமா?' என்று அந்த மக்களே எதிர்த்தார்கள்.

ஆக, அரசின் கஜானாவில் கொட்டுவதும் தப்பு, கொடுப்பவனே செலவழிப்பதும் தப்பு. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டிக்கென்று திரண்ட உதவிப் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகவே சுற்றியது. எது வேண்டும் என்பதை ஹைட்டி மக்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

தொகை விஷயத்தில் நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். வாங்கியதைத் திருப்பித் தருவது ஒன்று. அதனால் தடைப்பட்ட வளர்ச்சிக்கு ஈடு செய்வது இன்னொன்று. 2022இல் நியூயார்க் டைம்ஸ் பழைய ஆவணங்களைத் தோண்டிக் கணக்குப் போட்டது. கட்டியது 11 கோடியே 20 லட்சம் பிராங்க், இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 56 கோடி டாலர். அந்தப் பணம் நாட்டிலேயே தங்கி வளர்ந்திருந்தால் 2,100 கோடியிலிருந்து 11,500 கோடி டாலர் வரை இருந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு. இரண்டாவது எண்ணில் பொருளாதார அறிஞர்கள் வாதாடட்டும். முதல் எண்ணில் வாதாட என்ன இருக்கிறது?

2003இல் ஹைட்டி அதிபர் அரிஸ்டீட் சென்ட் வரை கணக்குப் போட்டுக் கேட்டார்: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். அடுத்த பிப்ரவரியில் அவர் பதவியில் இல்லை. 2015இல் அன்றைய பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்த் 'நான் ஹைட்டிக்குப் போகும்போது நம் கடனைத் தீர்ப்பேன்' என்றார். கூட்டம் கைதட்டியது. சில மணி நேரத்தில், அவர் சொன்னது தார்மீகக் கடனை மட்டும்தான் என்று அவருடைய அலுவலர்கள் விளக்கம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 17, சரியாக 200ஆம் ஆண்டு நாளில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாசிரியர்களைக் கொண்ட குழுவை அறிவித்தார். பணம் பற்றி அவர் பேசவில்லை.

நேர்கோடு எழுதியது:

சரி. அந்த முதல் எண்ணை, அதாவது வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வரும்போது இதை ஒப்புக்கொள்வேன் என்று நினைக்கவில்லை. இரண்டாவது எண் எனக்கு இன்னும் ஏற்பில்லை. 'நடந்திருந்தால்' என்று தொடங்கும் கணக்கில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். இந்தியாவிடமிருந்து பிரிட்டன் எடுத்தது 45 லட்சம் கோடி டாலர் என்ற எண்ணிலும் எனக்கு அதே தயக்கம்தான். அது எப்படி வந்தது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. எடுத்ததைப் பத்திரத்தோடு காட்டுங்கள், உங்களோடு நானும் கேட்கிறேன்.

ஆனால் பணத்தை வாங்க இன்று ஓர் ஒழுங்கான அரசு அங்கே இல்லையே. அதற்கு என்ன செய்வது?

பேரேடு எழுதியது:

தம்பி, பத்திரம் கேட்டீர்கள். இந்தியாவுக்கும் உண்டு. 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு இந்தியக் கணக்கில்தான் ஏறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு பத்தரை சதவீதம் பங்காதாயம் இந்திய வருவாயிலிருந்து 1874 வரை போயிற்று. அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

ஒழுங்கான அரசு இல்லை என்ற கேள்விக்கு எங்கள் வங்கி வழக்கத்தைச் சொல்கிறேன். வைப்புத்தொகை போட்டவர் இறந்துவிடுவார். வாரிசுகள் நாலு பேர், நாலு பேருக்கும் சண்டை, ஒருவர் குடிகாரர் வேறு. பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாது. அதற்காக அந்தப் பணம் வங்கியுடையது ஆகிவிடுமா? கணக்கைத் தனியே எடுத்து வைப்போம். வருஷா வருஷம் வட்டி ஏற்றுவோம். வாரிசுச் சான்றிதழ் வரும் நாளில் அசலும் வட்டியும் எண்ணிக் கொடுப்போம். பிரான்ஸ் முதலில் அந்தக் கணக்கைத் திறக்கட்டும். எவ்வளவு என்று எழுதி, பணத்தை அதில் போட்டு, தன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும்.

லாச்சப்பல் எழுதியது:

பேரேடு ஐயா, நீங்கள் சொன்ன வைப்புக் கணக்கு விஷயத்தை இன்று இரவு வேலை முடிந்த பிறகு ஹைட்டி அண்ணைக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு நின்று கேட்டார். அவருடைய அம்மா கொனாயீவ் நகரில் தனியாக இருக்கிறார், மாதம் 100 யூரோ இவர்தான் அனுப்புகிறார். "அந்தக் கணக்கில் எங்கள் நாட்டுப் பெயரை ஒழுங்காக எழுதச் சொல்லு, 1825இல் எழுதவில்லை" என்றார்.

கடைசி மெட்ரோவுக்கு ஓட வேண்டும். கொழுந்துக்கூடை அக்கா, 1975 பற்றி நீங்கள் எழுதியதையும் அவரிடம் சொன்னேன். உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.